பீடை மூட்டை

எங்கள் ஊரில் சூரியன் உதிக்க என் அப்பாவின் அனுமதி தேவையில்லை. ஆனால் உதித்துவிட்டது என்று அவர் ஒலிபெருக்கியில் சொன்ன பிறகுதான் ஊர் அதை நம்பும்.

அப்பாவின் பெயர் இன்கேவ். துங்சாங் ஊரின் தலைவர். சியாங்மாயிலிருந்து பேருந்தில் வந்தால், மலை தொடங்குவதற்குச் சற்று முன்னால் ஓட்டுநர் ஒரு கொட்டாவி விடுவார். அந்த இடம்தான் துங்சாங். நான் கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தேன். பிப்ரவரி பாதியிலிருந்து தினமும் காலையில் அப்பா ஒரே அறிவிப்பைச் செய்துகொண்டிருந்தார்.

"ஏப்ரல் முடியிற வரைக்கும் யாரும் எதையும் கொளுத்தக் கூடாது. சருகு கூடாது. குப்பை கூடாது. வைக்கோல் கூடாது. பிளாஸ்டிக் எப்பவுமே கூடாது, அது உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் செய்யிறது யாருன்னு எனக்கும் தெரியும்."

சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. சமையல் தீக்குத் தடையில்லை. அந்தச் சந்தில் முதலில் நுழைந்தவர் புன்மா மாமா. ஊரிலேயே அகலமான மனிதர் என்பதால் அவர் நுழைந்தது எல்லோருக்கும் தெரிந்தது. தன் லோங்கன் பழத் தோப்பின் சருகு முழுவதையும் கூட்டி, படுத்த எருமை அளவுக்குக் குவித்துக் கொளுத்தியிருந்தார். அப்பா மோட்டார் சைக்கிளில் போய் இறங்கினார். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

"என்ன புன்மா இது?"

"சமையல், தலைவரே."

"என்ன சமையல்?"

"மீன்."

"மீன் எங்க?"

"அதோ, அந்தக் குச்சி நுனியில. நல்லா உத்துப் பாருங்க."

மறுநாள் காலை அறிவிப்பில் சட்டத்துக்கு ஒரு திருத்தம் வந்தது: சமைக்கிற தீ, சமைக்கப்படுகிற பொருளைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. புன்மா மாமா அன்றே வந்து, முழுப் பன்றியை வாட்டலாமா என்று கேட்டார். தனக்கும் சொல்லி அனுப்பினால் வாட்டலாம் என்றார் அப்பா. பன்றியின் விலையை விசாரித்த பிறகு மாமா சட்டத்துக்குக் கட்டுப்பட்டவராகிவிட்டார்.

இப்படியாக மார்ச் மாதத்தில், பல வருஷங்களுக்குப் பிறகு, புகை மறைக்காமல் எங்கள் ஊரிலிருந்து மலை தெரிந்தது. அது அங்கேயேதான் இருந்திருக்கிறது.

மலை தெரிந்ததில் எல்லோரையும்விட அதிகம் மகிழ்ந்தவள் என் அக்கா புவாகியாவ். அவளுக்கு நான்கு வயதில் ஒரு மகள், மாப்ராங். குட்டிக்கு மூச்சிரைப்பு. புகைக் காலம் வந்தால் நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதுவதுபோல் சத்தம் வரும். அதனால் ஒவ்வொரு வருஷமும் பிப்ரவரியில் அக்கா தன் நூடுல்ஸ் கடையைப் பூட்டிவிட்டு, குட்டியைத் தூக்கிக்கொண்டு தெற்கே மாமியார் வீட்டுக்குப் போய்விடுவாள். மழை விழுந்த பிறகுதான் திரும்புவாள். மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் கடைக்கு வாடிக்கையாளர் எங்கிருந்து வருவார்கள்? பூனைதான் வரும்.

இந்த வருஷம் அப்பாவின் சட்டத்தை நம்பி அவள் போகவில்லை. ஆனால் அவள் கணவர் நிரன், நம்புவதைக் கொஞ்சம் நிதானமாகச் செய்கிறவர். குளிர்சாதன இயந்திரங்களைப் பழுது பார்க்கிற வேலை. தெற்கே ஹட்யாய்க்கு மாற்றல் தருகிறோம் என்று அவர் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். தினமும் எழுந்ததும் கைபேசியில் காற்றின் தரம் காட்டும் நிறத்தைப் பார்ப்பார். பச்சை என்றால் காபி குடிப்பார். மஞ்சள் என்றால் ஜன்னலைச் சாத்திவிட்டுக் குடிப்பார்.

அவர் அக்காவிடம் சொன்னது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் எங்கள் வீட்டுச் சுவர் மூங்கில் தட்டி.

"வருஷப் பிறப்பு தாண்டட்டும் புவா. அதுவரைக்கும் குட்டிக்கு அந்தக் குழல் மருந்தை உறிஞ்ச வேண்டிய நிலைமை வரலைன்னா, மே மாசம் இங்கயே பள்ளிக்கூடத்துல சேர்ப்போம். வந்துச்சுன்னா மூணு பேரும் ஹட்யாய் போயிடுவோம். அப்புறம் இங்க வர்றதெல்லாம் விருந்தாளியாத்தான்."

"வராது பாருங்க," என்றாள் அக்கா. மார்ச் முழுவதும் வரவில்லை. ஏப்ரல் முதல் வாரமும் வரவில்லை.

பன்னிரண்டாம் தேதி மதியம், உப்பு வாங்க நடந்து போனபோது ஒன்றைக் கவனித்தேன். ஒவ்வொரு வீட்டின் பின்புறமும் ஒரு சருகுக் குவியல். அதன்மேல் கிழிந்த பாய், பழைய சட்டை, உடைந்த கூடை. காற்றில் பறக்காமல் இருக்க ஒரு கல்.

எங்கள் பகுதியில் வருஷப் பிறப்பு விழாவின் முதல் நாள் காலை, பழைய வருஷம் விடைபெறுகிறது. அதற்குச் சங்கான் என்று பெயர். கிழவன் உருவத்தில் தெருவோடு இறங்கிப் போகும் என்பார்கள். விடியும்போது வெடி வெடித்து விரட்டி, வீடு கூட்டிய குப்பையோடு அந்த வருஷத்துப் பீடையையும் சேர்த்துக் கொளுத்திவிட வேண்டும். மூச்சுவிடுகிற வழக்கம் எவ்வளவு பழையதோ அவ்வளவு பழையது.

பக்கத்து வீட்டுச் சீனுவான் அத்தை தன் குவியல்மேல் ஒரு தலையணையை வைத்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, நாளைக்குக் கொளுத்தப் போறீங்களா?"

"சீச்சீ. அதான் உங்கப்பன் கூடாதுன்னு சொல்லியிருக்கானே."

"அப்ப இது?"

"இது சங்கானுக்கு."

"அதுவும் கொளுத்துறதுதானே?"

அத்தை என்னைப் படித்துக் கெட்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "கொளுத்துறது வேற, சங்கானை அனுப்புறது வேற. காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தரமாட்டாங்களா?"

கடைக்காரரைக் கேட்டேன். அவரும் அதையே சொன்னார். புன்மா மாமா, தன் குவியல் ரொம்பச் சின்னது என்றும் ஒரு வீட்டுக் குவியலால் என்ன வந்துவிடப் போகிறது என்றும் சொன்னார். ஊரில் யாரும் சட்டத்தை மீறப் போவதில்லை. நாளை விடிகாலை எல்லோரும் ஒரே நேரத்தில் அதை மீறாமல் கொளுத்தப் போகிறார்கள், அவ்வளவுதான்.

உப்பு வாங்க மறந்து வீட்டுக்கு ஓடினேன். எங்கள் வீட்டுப் பின்புறம் அப்பா குனிந்து, எங்கள் குவியலைக் காலால் சீராக்கிக்கொண்டிருந்தார்.

"அப்பா, இது என்னது?"

"பீடை."

"புகை வருமா வராதா?"

"ஒரு வீட்டுக்கு ஒரு பிடிதான்டா. கொஞ்ச நேரம்."

"அத்தனை வீட்டுக்கும் சேர்த்து ஒரே மூக்குதான்பா இருக்கு, குட்டிக்கு."

தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு பெட்டியின் ஜிப் இழுபடும் சத்தம் கேட்டது. அக்கா எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டாள். அழவில்லை, சண்டைக்கும் வரவில்லை. குட்டியின் சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். சண்டைக்கு வந்திருந்தால் அப்பா சமாளித்திருப்பார். ஊர்த் தலைவருக்கு அது தொழில். மடிக்கிறவளிடம் என்ன பேசுவது?

அப்பா என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நான் இதைத் தடுத்தேன்னு வை. இந்த வருஷம் ஊர்ல எவனுக்குக் காய்ச்சல் வந்தாலும், எந்த மாடு தடுக்கி விழுந்தாலும், இன்கேவ் பீடையை எரிக்கவிடலை, அதான்னு சொல்லுவாங்க. நான் அரசாங்கம் சொன்னதைச் சொல்லலாம்டா. சங்கானைத் தடுக்க எனக்கு யார் அதிகாரம் குடுத்தா?"

"சாமிகிட்ட கேப்போம்," என்றேன்.

விகாரையின் தலைமைப் பிக்கு அரச மரத்தடியில் பெருக்கிக்கொண்டிருந்தார். பெருக்குவதற்கு அங்கே இடம் குறைவு. வீட்டில் வைத்துக்கொள்ளப் பயமாகவும் தூக்கி எறிய அதைவிடப் பயமாகவும் இருக்கிற எல்லாவற்றையும் எங்கள் ஊர்க்காரர்கள் அந்த மரத்தடியில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள். கூரை போன காவல்தெய்வக் குடில்கள், தும்பிக்கை உடைந்த யானைகள், விரிசல் விட்ட கண்ணாடி. பிரிந்துபோன ஒரு தம்பதியின் கல்யாணப் படம்கூட இருந்தது. இருவரும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பா விஷயத்தைச் சொல்லி, "நீங்க ஒரு வார்த்தை வேண்டாம்னு சொல்லிட்டா போதும் சாமி," என்றார்.

"சொன்னா பழி என் மேல வரும்."

"அதுக்குத்தான் சாமி. உங்க மேல ஒட்டாது."

"ஒட்டாதா? வந்து பாரு." பிக்கு துடைப்பத்தால் ஒரு யானையைச் சுட்டினார். "போன வாரம் ஒருத்தன் சோறு வேக வைக்கிற குக்கரை வச்சிட்டுப் போயிருக்கான். அதுல ஆவி இருக்காம். ஒயர்ல எலி கடிச்சிருக்கு, அதான் இருக்கு. இது விகாரையா, பீடைக் கிடங்கா?"

நான் குறுக்கே பேசினேன். "அப்ப இன்னும் கொஞ்சம் சேர்ந்தா என்ன சாமி? எரிக்கிறதுக்குப் பதிலா எல்லார் குவியலையும் இங்கயே கொட்டிடலாம். மத்த பீடையெல்லாம் இங்கதானே வருது."

கிண்டலாகத்தான் சொன்னேன். சிரிக்க வேண்டிய இருவரும் சிரிக்கவில்லை. பிக்கு அப்பாவைப் பார்த்தார். அப்பா மரத்தைப் பார்த்தார்.

"சருகுன்னா மக்கிடும்," என்றார் பிக்கு, மெல்ல. "யானை மக்கமாட்டேங்குது."

காலை தவிர வேறு நேரத்தில் எங்கள் ஊர் ஒலிபெருக்கி பேசினால் யாரோ செத்துவிட்டார்கள் என்று அர்த்தம். அதனால் அது கரகரத்தவுடன் எல்லோரும் தெருவுக்கு வந்தார்கள்.

"யாரும் சாகலை," என்று தொடங்கினார் அப்பா. சிலர் உள்ளே போனார்கள். "நாளைக்குச் சங்கான் இறங்குறார். இந்த வருஷம் பீடையைக் கொளுத்தலை. மூட்டை கட்டி விகாரைக்குக் கொண்டு போறோம். சாமி பொறுப்பு எடுத்துக்கிட்டார். வெடி வேண்டாம், சட்டியைத் தட்டுங்க. இது உத்தரவு இல்ல." ஒலிபெருக்கி கொஞ்ச நேரம் வெறுமனே இரைந்தது. "என் பேத்திக்காகக் கேக்குறேன்."

அப்பா எதையும் கேட்டு ஊர் அதுவரை கேட்டதில்லை. அறிவித்துத்தான் கேட்டிருக்கிறது. உள்ளே போனவர்கள் திரும்ப வெளியே வந்தார்கள்.

முதலில் வந்து நின்றவர் சீனுவான் அத்தை.

"எரிச்சாத்தான் பீடை சாகும் இன்கேவ். மூட்டை கட்டினா அதுக்கு மூச்சு முட்டும், அவ்வளவுதான். சாகாது."

"சாமி பாத்துக்குவார்."

"போன வருஷம் நான் ஆஸ்பத்திரியில கிடந்தேன், கொளுத்தலை. என்ன ஆச்சு? மாடு செத்துச்சு. என் மவன் ராணுவக் குலுக்கல்ல சிவப்புச் சீட்டு எடுத்து, பட்டாளத்துல மாட்டிக்கிட்டான்."

"மாட்டுக்கு வயசாயிடுச்சு சீனுவான். அது செத்ததே உனக்கு ரெண்டு நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது."

"நான் கொளுத்தத்தான் போறேன்."

அக்கா படியில் இறங்கி வந்தாள். இடுப்பில் குட்டி. "அத்தை, நீங்க கொளுத்துனா நாங்க ஊரை விட்டுப் போயிடுவோம்."

"என்னடி, மிரட்டுறியா?"

"இல்ல அத்தை. சொல்லிட்டுப் போறேன். சொல்லாமப் போனா நீங்க கோச்சுக்குவீங்க."

சீனுவான் அத்தை தினமும் மத்தியானம் சாப்பிடுவது அக்கா கடையில்தான். எலுமிச்சை கூட வேண்டும், கறி இன்னும் மென்மையாக வேண்டும் என்று தினமும் திட்டிக்கொண்டே கிண்ணத்தைக் காலி செய்வார். அத்தை திரும்பி நடந்தார். அது சம்மதமா, கோபமா என்று தெரியவில்லை. அவர் முதுகு எப்போதும் அப்படித்தான் இருக்கும்.

மறுநாள் விடியும்போது நிரன் அத்தான் படியில் உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் கைபேசி, இன்னொரு கையில் குட்டி மருந்து உறிஞ்சும் குழல். பைகள் பக்கத்தில். அப்பா எங்கள் மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு தெருவில் இறங்கினார். தெருவில் வேறு யாரும் இல்லை. நான் ஒரு வாணலியைத் தட்டிக்கொண்டு பின்னால் போனேன். இரண்டு பேர் ஊர்வலம் போவது எவ்வளவு சங்கடமானது என்று போனவர்களுக்குத்தான் தெரியும்.

கடை முக்கில் கடைக்காரர் ஒரு சாக்கோடு நின்றிருந்தார். "முதல்ல யார் போறாங்கன்னு பாத்துக்கிட்டிருந்தேன்," என்றார். அடுத்த சந்தில் ஒரு குடும்பமே காத்திருந்தது. எல்லோரும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். சட்டிகளும் தட்டுகளும் சேர்ந்துகொண்டன. நாய்கள் தங்கள் கருத்தைச் சொல்லத் தொடங்கின.

அப்போதுதான் யாரும் யோசிக்காத ஒரு பிரச்சினை வந்தது. பீடை மூட்டையை வழியில் எங்கே இறக்கி வைப்பது? எந்த வீட்டு முன்னால் இறக்கினாலும் அது அந்த வீட்டுக்குப் போய்விடும்.

"இங்க வைக்காத! தள்ளிப் போ!"

"ஒரு நிமிஷம்மா, தோள் வலிக்குது…"

"தோள் வலி உன்னோட பீடை. எனக்கு எதுக்கு?"

ஆக இறக்க இடமில்லாமல் ஊரே ஓடத் தொடங்கியது. புன்மா மாமா தன் ரொம்பச் சின்னக் குவியலை இரண்டு சாக்குகளில் சுமந்துகொண்டு, அரிசி ஏற்றிய லாரிபோல் மூச்சுவிட்டபடி வந்தார். சீனுவான் அத்தை வீட்டு வாசலில் அவர் முழங்கால் மடங்கியது.

"புன்மா!" அத்தை வெளியே பாய்ந்தார். கையில் லைட்டர். "வச்சே, உன்னைக் கொளுத்திடுவேன்!"

"கொளுத்தக் கூடாதுன்னு சட்டம் இருக்கு," என்று மூச்சுக்கிடையில் சொல்லிவிட்டு மாமா எழுந்து ஓடினார்.

அத்தை அங்கேயே நின்றார். அவருடைய குவியல் பின்னால், தலையணையோடு. தெரு அவரைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. கடைசி வீட்டு மூட்டையும் போயிற்று. சத்தம் தூரமாயிற்று. அவர் லைட்டரைப் பார்த்தார், தெருவின் இரு பக்கமும் பார்த்தார். பின்தங்கியவர்களை அழைக்கத் திரும்பி வந்த நான், வாணலியோடு நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எல்லாரோடதும் போயிடுச்சா?"

"போயிடுச்சு அத்தை."

"அப்ப ஊர்ல இப்ப மிச்சம் இருக்கிற ஒரே பீடை என்னோடதா?"

"ஆமா."

"அது மட்டும் தனியா இங்க சுத்திக்கிட்டு இருக்குமா?" லைட்டர் பாவாடை இடுப்புக்குள் போயிற்று. "சும்மா நிக்காதடா எருமை! சாக்கு எடு!"

சாக்கு கனத்தது. தலையணைக்குள் என்ன இருந்ததோ, நான் கேட்கவில்லை. இருவரும் தடுமாறுவதைப் பார்த்து நிரன் அத்தான் படியிலிருந்து எழுந்து வந்தார். குழலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மூட்டையைத் தோளில் ஏற்றினார்.

"தெற்கத்திக்காரன் தொட்டா பீடைக்கு மொழி புரியுமா?" என்றார் அத்தை.

"எனக்கே இங்க பாதி புரியறதில்ல," என்றார் நிரன், நடந்தபடி.

அன்று காலை எங்கள் ஊரில் ஒரு புகைகூட எழவில்லை. பக்கத்துப் பள்ளத்தாக்கில் எழுந்தது. அவர்களுக்கும் சங்கான் உண்டு. நிரனின் கைபேசி மஞ்சள் காட்டியது. ஜன்னலைச் சாத்தினோம். குட்டி இரண்டு முறை இருமினாள், பிறகு தண்ணீர்த் துப்பாக்கி கேட்டாள். பைகள் பிரிக்கப்படாமல் கிடந்தன. வருஷப் பிறப்பு இன்னும் தாண்டவில்லை.

மரத்தடியில் குவியல் விகாரையின் மதில் உயரத்துக்கு நின்றது. வருஷப் பிறப்புக்கு விகாரையில் கட்டும் மணல் கோபுரங்களில் குத்துவதற்குக் கொண்டுவந்த காகிதக் கொடிகளைச் சிலர் அதன்மேலும் குத்திவிட்டார்கள். புத்தர் சிலைக்கு நீராட்டும் நாளில் ஊரார் மிச்சத் தண்ணீரை எல்லாம் அதன் தலையில் ஊற்றினார்கள். பீடை குளிர்ந்து போகட்டும் என்று.

வருஷப் பிறப்புக் கொண்டாட்டம் முடிந்த மறுநாள் விடிகாலையில் ஜன்னலைத் திறந்த நிரன் அப்படியே நின்றுவிட்டார். விகாரைப் பக்கம் வெள்ளையாக ஏதோ எழும்பிக்கொண்டிருந்தது.

"புவா. பையை எடு."

"பொறுங்க…"

"கண்ணுக்கு முன்னால தெரியுது புவா! உங்கப்பா ஊர்க் குப்பையை மொத்தமாச் சேர்த்து வச்சுக் கொளுத்தியிருக்கார்!"

குட்டியைக் காணவில்லை. அவள் படுக்கை காலியாக இருந்தது. நிரன் பையைப் போட்டுவிட்டுத் தெருவில் ஓடினார். நாங்கள் பின்னால் ஓடினோம். விகாரை வாசலில் பாதி ஊர் நின்றிருந்தது. யாரோ தகவல் சொல்லிப் பக்கத்து ஊர்த் தீயணைப்புத் தன்னார்வலர்கள்கூட, தீ பரவாமல் சருகை விலக்க, இலை ஊதும் இயந்திரத்தோடு வந்திருந்தார்கள். அப்பா குவியலின் முன் நின்று, யாரும் எதையும் கொளுத்தவில்லை என்று ஒலிபெருக்கி இல்லாமலே அறிவித்துக்கொண்டிருந்தார். ஒருவரும் கேட்கவில்லை.

குட்டி குவியலின் அடியில் உட்கார்ந்திருந்தாள். வெள்ளை மூட்டம் அவள் தலைக்கு மேலேயே எழும்பியது. சருகில் ஒரு துளை போட்டு, அதில் மூக்கை வைத்திருந்தாள்.

நிரன் அவளை அள்ளித் தூக்கினார். நெஞ்சில் காதை வைத்தார்.

"விடுப்பா," என்றாள் குட்டி. "சோறு வேகுது."

நிரன் காதை எடுக்கவில்லை. நன்றாகக் கேட்டார். விசில் இல்லை. பிறகு தன் கையைத் துளைக்குள் விட்டு, சட்டென்று இழுத்துக்கொண்டார். ஆவி. தண்ணீர் குடித்த சருகு உள்ளுக்குள் சூடேறி வெந்துகொண்டிருந்தது. மழை நனைத்த மண் வாசனை மட்டும் வந்தது.

"பாத்தீங்களா," என்று சீனுவான் அத்தை ஊருக்குச் சொன்னார். "உள்ள பீடை வேகுது. எரிச்சா ஒரு நிமிஷத்துல செத்திருக்கும். இப்ப நல்லா அனுபவிக்கட்டும்."

தன்னார்வலர்கள் குவியலைச் சுற்றி வந்து ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். தங்கள் ஊருக்கு ஆகுமா என்று அப்பாவிடம் கேட்டார்கள். ஆகும், ஆனால் அரச மரமும் பொறுமையான பிக்குவும் வேண்டும் என்றார் அப்பா. பிக்கு, தன்னைக் கேட்காமல் தன் பொறுமையைப் பற்றி உறுதி தர வேண்டாம் என்றார்.

அன்று மதியம் நிரன் மரத்தடி நிழலில் நின்று ஹட்யாய்க்குப் போன் செய்தார். நீண்ட நேரம் பேசினார். திரும்பி வந்து அக்கா கடையில் உட்கார்ந்து, ஒரு கிண்ணம் கேட்டார்.

"என்ன சொன்னாங்க?"

"வேற ஆளை அனுப்புறாங்களாம்." எலுமிச்சையைப் பிழிந்தார். "பள்ளிக்கூடத்துச் சட்டை என்ன நிறம்?"

அக்கா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "வெள்ளை," என்றாள். "தினமும் நீங்கதான் துவைக்கணும்."

மழை வந்தபோது குவியல் முழங்கால் உயரத்துக்கு இறங்கிக் கறுத்துப்போயிருந்தது. அதைவிட நல்ல உரம் பள்ளத்தாக்கிலேயே கிடையாது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் யாரும் தொடவில்லை. தன்னுடைய பீடையாவது பழகிய பீடை. கையில் வருவது புன்மாவுடையதாக இருந்தால்?

நிரனுடையது அதில் எதுவும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாளியோடு போய் அள்ளி வந்தார். எங்கள் வீட்டுப் பின்புறத்தில், வழக்கமாகக் குப்பை கொளுத்துகிற கரிந்த வட்டத்தின் நடுவில் குழி தோண்டி, தன் அம்மா அனுப்பியது என்று ஒரு கன்றை நட்டார். சதோ மரம். தெற்கத்திக்காரர்கள் உயிரைவிடும் அதன் அவரைபோன்ற காய்க்கு, சாப்பிட்டவர் அடுத்த நாளும் அடுத்த தெருவில் தெரிகிற அளவுக்கு வாசனை.

சீனுவான் அத்தை வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். "அய்ய, அந்த நாத்தம் பிடிச்சதா? எப்ப காய்க்கும்?"

"ஏழு வருஷம் ஆகும் அத்தை."

அத்தை ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மறு கையில் விரல்விட்டு ஏழு வருஷத்தை எண்ணினார்.

"வேலியிலருந்து இன்னும் தள்ளி நடு," என்றார்.